யூட்டுடன் பனிச்சறுக்குப் போன திங்கட்கிழமை

பனிச்சறுக்குப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். எட்டு வருடமாகப் போய்வருகிறேன் என்றாலும் இதுவரை எழுதியதில்லை. இந்தப் பெப்ரவரியில் போய்வந்த ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

யூட்டும் நானும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். இருவருக்கும் நாற்பத்தொரு வயது. அவன் மன்னார்க்காரன். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. திங்கட்கிழமைதான் அவனுக்கு விடுமுறை. மார்ச்சில் அவன் மகளின் பள்ளிக்கூடம் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகிறது, விரும்பிய பெற்றோரும் வரலாம் என்று கடிதம் வந்திருந்தது. “விழாமல் நிக்கவாவது பழக்கிவிடு மச்சான்” என்று கேட்டான். நானும் சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு நாள் லீவு எடுத்தேன்.

காலை 7.10க்குப் புறப்பட்டோம். டெக்காரி வீதி வழியாக ஏறி, 15ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நேரே வடக்கு. 85 கிலோமீட்டர், ஒன்றேகால் மணித்தியாலம். வெளியே மைனஸ் 18. வாரநாள் என்பதால் நுழைவுச்சீட்டு ஆளுக்கு 62 டொலர். யூட்டுக்கு ஸ்கீ, சப்பாத்து, தடி, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு 54 டொலர். ஒன்றரை மணித்தியால வகுப்பு 75 டொலர் என்று எழுதியிருந்தது. “அது தேவையில்லை, நான் சொல்லித் தாறன்” என்றேன். அன்றைக்கு நான் செய்த முதல் பிழை அது.

பழகுகிற சரிவு உயரம் குறைவு. தரையில் நகரும் ஒரு பட்டையில் நின்றால் மேலே கொண்டுபோய் விடும். யூட் விழுந்தான், சிரித்தான், திரும்ப எழும்பினான். ஸ்கீயின் முன்முனைகளை ஒன்றாகக் குவித்து வேகத்தைக் குறைக்கப் பதினொன்றரைக்குப் பழகிவிட்டான். டெல்சி, அவன் மனைவி, கட்டித் தந்த மட்டன் றோல்ஸும் பிளாஸ்கில் பால் விடாத பிளேன் ரீயும் மதியச் சாப்பாடு.

சாப்பிட்டு முடிய, “இனி உச்சிக்குப் போவம்” என்றேன்.

“இண்டைக்கு இது காணும் மச்சான். இதிலையே இன்னும் ரெண்டு தரம் செய்வமே?”

“அங்கை இருந்து பச்சைப் பாதை ஒண்டு சுத்தி வருது. சின்னப் பிள்ளையளே வருதுகள்.”

சின்னப் பிள்ளைகள் என்று சொன்னபிறகு அவன் மறுக்கவில்லை.

இங்கே பச்சை என்றால் சுலபமான பாதை, நீலம் என்றால் நடுத்தரம். உச்சியிலிருந்து பச்சைப் பாதை 3.2 கிலோமீட்டர். மேலே காற்று முகத்தை அறுத்தது. முதல் நானூறு மீட்டருக்குள் யூட் ஆறு தரம் விழுந்தான். ஒவ்வொரு முறையும் நான் நின்று காத்திருந்தேன். கால்விரல் விறைத்தது. உண்மையைச் சொன்னால், எரிச்சலாகவும் இருந்தது. லீவு எடுத்து வந்த நாளில் ஒரு தரமாவது ஒழுங்காகச் சறுக்க வேண்டும்போல் இருந்தது.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றேன். “நீ பச்சைப் பலகையைப் பாத்துக்கொண்டு மெல்ல வா. நான் நீலத்தாலை போய்க் கீழை நிக்கிறன்.”

“ஓம், நீ போ. நான் வாறன்.”

அப்போது 1.40. நீலத்தில் இறங்க ஆறு நிமிடம். அருமையான இறக்கம் அது.

2.05 வரை அவன் வரவில்லை. தொலைபேசி நேரே குரலஞ்சலுக்குப் போனது. திரும்ப மேலே ஏறி, பச்சைப் பாதை முழுவதும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இறங்கினேன். ஆளில்லை. 2.30க்கு மீட்புக் குழுவின் குடிசை வாசலில் நின்றேன். ஆனால் கதவைத் தட்டவில்லை. இன்றைக்குத்தான் ஸ்கீ போட்ட ஒருவனை உச்சியில் விட்டுவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வேறு வழியால் வந்து உள்ளே இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உணவகத்தில் மேசை மேசையாகப் பார்த்தேன். கழிவறையில் பார்த்தேன். வாகனத்தருகே போய்ப் பார்த்தேன். குடிசைக்குள் போகும்போது 2.50.

சிவப்பு மேலங்கி போட்ட பெண் பிரெஞ்சில் மூன்றே கேள்விகள் கேட்டார். எங்கே விட்டீர்கள், எத்தனை மணிக்கு, என்ன நிற உடுப்பு. கையிலிருந்த கம்பியில்லாக் கருவியில் பேசினார். என்னைத் திட்டவே இல்லை.

3.25க்குக் கண்டுபிடித்தார்கள். ஒரு வளைவில் திரும்ப முடியாமல் பாதையை விட்டு வழுக்கி, எட்டு மீட்டர் கீழே மரங்களுக்குள் கிடந்திருக்கிறான். முழங்கால் திருகி, இடுப்பளவு பனியில் ஏற முடியவில்லை. என்னைக் கூப்பிடக் கையுறையைக் கழற்றியிருக்கிறான். குளிரில் தொலைபேசி அணைந்துபோனது. கையுறையும் பனிக்குள் போய்விட்டது. தேடி இறங்கிய நான் அவனுடைய தலைக்கு மேலாலேதான் போயிருக்கிறேன்.

செம்மஞ்சள் சறுக்கு வண்டிலில் கம்பளி சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது.

“டெல்சிக்குச் சொல்லிப் போட்டியே?”

“இல்லை.”

“சொல்லாதை. பயந்திடுவாள். நான் கதைக்கிறன்.”

வலக்கையில் இரண்டு விரல்நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. வெதுவெதுப்பான நீரில் வைத்தபோது, யூட் வாய்விட்டு அழுதான். நான் அவன் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து ஊர் வைத்தியசாலையில் படம் எடுத்தார்கள். முழங்கால் தசைநார் பாதி கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சை வேண்டாம், ஆனால் ஆறு கிழமை நின்று வேலை செய்யக் கூடாது. விரல்கள் தப்பின. நுனியில் உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, கத்தி பிடிக்கும்போது தெரிகிறது என்கிறான். மார்ச்சில் மகள் அப்பா இல்லாமல்தான் போனாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். முதல் நாள் கட்டாயம் வகுப்பு எடுங்கள். கூட்டிப்போகிறவருக்கு நன்றாகச் சறுக்கத் தெரியும் என்பதற்காக அவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்றில்லை. தொலைபேசியை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். மீட்புக் குழுவின் இலக்கம் வரைபடத்தில் இருக்கும், ஏறமுதல் பதிந்துகொள்ளுங்கள். புதியவர் போதும் என்றால் அன்றைக்குப் போதும். அவரை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். காணவில்லையென்றால் முதலில் மீட்புக் குழுவிடம் சொல்லுங்கள், பிறகு தேடுங்கள்.

இதை எழுதமுதல் யூட் வீட்டுக்குப் போனேன். மீட்புக் குழுவின் கதவைத் தட்டாமல் கடத்திய இருபது நிமிடத்தை அதுவரை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அவன் கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த நேரம்தான் எனக்குக் கை விறைச்சது” என்றான்.

நான் எழும்பப் போனேன்.

“இரு. எழுதப்போறன் எண்டு சொன்னனி. எழுது. ஆனா அந்த இருபது நிமிசத்தையும் விடாமல் எழுது.”