மாடி ரூமில் இருந்த தெத்துப்பல்

துவைத்துக் காய்ந்த பிறகும் போகாத ஒரு நாற்றம் எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் எப்போதும் இருந்தது. டாக்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகளின் வெள்ளைக் கோட்டிலிருந்து வந்த அந்த நாற்றம், பிணம் கெடாமலிருக்க ஊற்றும் பார்மலின் நாற்றம், கண்ணைக் கரிக்கவைக்கும். பக்கத்தில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சட்டையிலும் ஏறி, வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காராமல் செய்தது.

புதுச்சேரி படிக்க நல்ல இடம், செலவு குறைவு, எல்லா மாநிலத்துப் பிள்ளைகளோடும் பழகலாம், சுற்றிப் பார்க்கக் கடற்கரை இருக்கிறது என்று இப்போது போனைத் திறந்தாலே விளம்பரம் வருகிறது. எல்லாம் உண்மைதான். எங்கள் ஊரான கரிக்கலாம்பாக்கத்தில் என் அப்பாவைப் போல நெல் விளைந்த நிலத்தை மனை போட விற்றவர்கள், அந்தக் காசில் மாடி எடுத்து யார் வந்தாலும் சரி என்று வாடகைக்கு விட்டார்கள், அதனால்தான் செலவு குறைவு. நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் மாடியில் இம்பாலிலிருந்து வந்த டோம்பாவும் கண்ணூரிலிருந்து வந்த நிகிலும் இருந்தார்கள். சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய், பிரெஞ்சுக்காரன் காலத்து மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு கேக் துண்டோடு வருவார்கள். மற்ற நாளெல்லாம் எலும்புதான்.

நாங்கள் "பொட்டி" என்று சொன்ன தகரப் பெட்டியில் ஒரு ஆளின் எலும்பு மொத்தமும் இருந்தது. முதல் வருஷப் பையன் அதைச் சீனியரிடம் வாங்குவான், பரீட்சை முடிந்ததும் ஜூனியருக்குக் கைமாற்றிவிடுவான். அந்த ஆள் யார், எந்த ஊர் என்று ஒருவனும் கேட்டதில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தால் கீழே சமையலறையில் கடகடவென்று கேட்கும். அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்று மேலே பார்ப்பாள்.

கோட்டுகளைத் துவைக்க எங்கள் பின்தெருவிலிருந்து செல்வியக்கா வருவாள். அவளுடைய புருஷன் சேகர் கரும்பு லோடு ஏற்றுகிறவர். ஒருநாள் லாரியில் போனவர் திரும்பி வரவேயில்லை. செத்தாரா, வேறு எங்காவது குடும்பம் நடத்துகிறாரா என்று தெரியாமல் அவள் பொட்டும் தாலியுமாகக் காத்துக் கிடந்தாள்.

ஒரு மதியம், நல்ல வெயிலில், துணி எடுக்க அவளோடு நானும் மாடிக்குப் போனேன். ஜன்னல் திண்டில் மண்டை ஓடு உட்கார்ந்திருந்தது. பையன்கள் விளையாட்டாக அதற்குத் தொப்பி மாட்டியிருந்தார்கள். அக்கா தொப்பியை எடுத்தாள். குனிந்து அதன் வாயைப் பார்த்தாள். இடது பக்கம் ஒரு பல் மற்றதன் மேல் ஏறித் தெத்தி நின்றது.

"யோவ்," என்றாள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில். "இங்கயா வந்து குந்தினு இருக்க?"

அவள் அழவில்லை. முந்தானையால் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள். துவைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்துத் திட்டுவாள், வூட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்வாள், நடுவில் பேச்சை நிறுத்தி, பதில் கேட்டவள் போலச் சிரிப்பாள். ஒரு சனிக்கிழமை அதன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிட்டாள்.

"சேச்சி, உங்க வீட்டுக்காரர் என்னை முறைச்சுப் பார்க்குறார்" என்று நிகில் கிண்டல் செய்தான்.

"படிக்காம தூங்குனா முறைக்காம கொஞ்சுவாரா?" என்றாள்.

டோம்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அக்கா, நிறைய பேருக்கு அந்த மாதிரி பல் இருக்கு" என்று தெரிந்த தமிழில் சொன்னான்.

"எனக்குத் தெரிஞ்சி ஒருத்தனுக்குத்தான்பா இருக்கு. குடுத்துடு. ஒரு புடி மண்ணு போட்டுட்டு, பொட்ட அழிச்சிட்டு என் வேலையப் பாக்கறேன்."

பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்றான். மனதாரத்தான் சொன்னான். அப்பாவிடம் அம்மா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "அவ பேச்சக் கேட்டுனு மண்ட ஓட்டப் பத்திப் பேசுனா எவன்டி நம்ம வூட்டுக்கு வாடகைக்கு வருவான்?" என்று அப்பா வாயை அடைத்துவிட்டார். ஒரு மனுஷிக்குத் தன் புருஷன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரிவதைவிட எங்களுக்கு வாடகை பெரிதாக இருந்தது.

பரீட்சை முடிந்த கையோடு டோம்பாவுக்கு ஊரிலிருந்து அவசர அழைப்பு வர, அன்றே கிளம்பிவிட்டான். நிகில் வழக்கப்படி ஜூனியரைக் கூப்பிட்டான். ரெண்டு பேர் பைக்கில் வந்து, பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு போனார்கள். தெரு திரும்பும்வரை கடகடவென்று சத்தம் கேட்டது. அக்கா மாடியில் ஈரக் கோட்டோடு நின்று பார்த்தாள்.

"பாரு, இந்தத் தடவையும் சொல்லாம போறான்" என்றாள். கோட்டை உதறிக் கொடியில் போட்டாள்.

இப்போது பிள்ளைகள் லிப்ட் வைத்த விடுதிகளில் தங்குகிறார்கள், எலும்பெல்லாம் பிளாஸ்டிக் என்கிறார்கள். எங்கள் மாடி ரூம் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் திண்டில் எண்ணெய் ஊறிய வட்டத்தில் மட்டும் எத்தனை முறை அடித்தாலும் பெயிண்ட் நிற்பதில்லை. செல்வியக்கா தலை நரைத்தும் அதே குங்குமத்தோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் நீங்கள் படித்தது எங்கள் பக்கமா என்று கேட்பேன். ஆமாம் என்றால், உங்கள் பெட்டி மண்டைக்குத் தெத்துப்பல் இருந்ததா என்பேன். எந்தப் பக்கம் என்று நானாகச் சொல்வதில்லை. பலர் சிரிப்பார்கள், சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். போன மாதம் காய்ச்சலுக்குப் போனபோது, வில்லியனூரில் ஒரு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"இடது பக்கமா?" என்றார்.