லூசெர்ன் ஏரியில் காஷ்மீர்

சிவகாசியில் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் வைத்திருந்த இராமகிருஷ்ணனுக்கு ஐரோப்பாவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விருதுநகரில் இருந்த அவருடைய தங்கை பொன்னுத்தங்கத்துக்கு இருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதனால் 2009 மே மாதம் அண்ணன் போனார்.

பொன்னுத்தங்கத்துக்கு ஒரே மகள் கீர்த்திகா. கல்யாணம் முடிந்து ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எப்போது போன் பண்ணினாலும் "நல்லாருக்கேம்மா" என்பாள். வேறு எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள். மருமகன் ராம்குமாரைப் பற்றிக் கேட்டால் "அவுகளும் நல்லாருக்காக" என்பாள்.

"அண்ணே, ஊரைப் பாக்கப் போறதா அவுககிட்டச் சொல்லுங்க. நீங்க பாக்க வேண்டியது அவளை" என்று பொன்னுத்தங்கம் சொல்லி அனுப்பினார். கோடையில் அச்சகத்தில் வேலை குறைவு. கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுக்கும் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்குத்தான் வெளியாகும். மனைவி அய்யம்மாள் விமானம் என்றதும் வர மறுத்துவிட்டார். இராமகிருஷ்ணன் தனியாக ஏறி, கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டு, இறங்கிவிட்டார்.

ராம்குமார் நல்ல பையன். விமான நிலையத்துக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தான். மறுநாள் விடிந்தபோதும் அது திறந்துதான் இருந்தது. வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கீர்த்திகா ஒரு நாளில் இரண்டு தடவை துடைப்பதை இராமகிருஷ்ணன் பார்த்தார். அழுக்கு எதுவும் தென்படவில்லை.

"மாமா வந்திருக்காக, ஊர் சுத்திக் காட்டணும். எனக்கு ப்ராஜெக்ட் முடியல. நீ கூட்டிட்டுப் போயிட்டு வா" என்று ராம்குமார் ரயில் டிக்கெட்டுகளைக் கீர்த்திகாவிடம் கொடுத்தான். முதலில் பாரிஸ். அப்புறம் சுவிட்சர்லாந்து. அவள் டிக்கெட்டுகளை வாங்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, "சரி" என்றாள்.

பாரிஸில் அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். கோபுரத்தைக் காட்டினாள். இராமகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு, இம்புட்டு இரும்புக்கும் யார் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. மேலே போகிற வரிசை நீளமாக இருந்ததால் புல்லில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டார்கள். ஒரு ஜப்பான்காரர் அவர்களையும் கோபுரத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்தது ஒரு பெரிய மியூசியம். அதற்குப் பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் போக வேண்டும். ரயில் வந்ததும் கீர்த்திகா ஏறினாள், இராமகிருஷ்ணனும் ஏறினார். கொஞ்ச தூரத்தில் ரயில் பூமிக்கு மேலே வந்தது. கட்டடங்கள் குட்டையாகின. கூட்டம் இறங்கி இறங்கிப் பெட்டி காலியானது. ஸ்டேஷன் பெயர் ஒவ்வொன்றையும் கீர்த்திகா வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படிப்பதை அவர் கவனித்தார். தானும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தார். கடைசி ஸ்டேஷனில் விளக்கு அணைந்தது. இறங்கினார்கள். எதிரில் ஒரு கார் நிறுத்துமிடமும் ஒரு மருந்துக் கடையும் இருந்தன.

"இங்கன என்னம்மா பாக்கணும்?" என்றார்.

"இங்கன ஒண்ணும் இல்ல மாமா. தப்பான ரயில்ல ஏறிட்டோம்."

"சரி. வந்ததுக்கு ஒரு டீ குடிப்போம்."

டீக்கடை இல்லை. மருந்துக் கடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கீர்த்திகா பையைத் திறந்து எதையோ தேடினாள். ஒன்றும் எடுக்காமல் மூடினாள். பிறகு சொன்னாள். அவள் இதற்கு முன்னால் பாரிஸுக்கு வந்ததில்லை. சுவிட்சர்லாந்துக்கும் போனதில்லை. ஸ்டுட்கார்ட்டிலேயே வீடு, சூப்பர் மார்க்கெட், பாதியில் நிறுத்திய ஜெர்மன் வகுப்பு, இவ்வளவுதான் தெரியும். "இந்த வேலை முடியட்டும் போவோம்னு சொல்லுவாக. முடிஞ்சா அடுத்தது வந்துரும். அவுக மேல தப்பு இல்ல மாமா" என்றாள். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது.

"அப்பன்னா நீயும் இப்பதான் பாக்கியா?"

"ஆமா மாமா."

"அப்ப நல்லாப் பாத்துக்க. எனக்குக் காட்டணும்னு மெனக்கெடாத. எனக்கு எதைக் காட்டினாலும் ஒண்ணுதான்" என்றார்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். திரும்பும் ரயிலை இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்து ஏறினார்கள். மியூசியம் மூடியிருந்தது. அதில் இரண்டு பேருக்கும் வருத்தம் இல்லை.

அடுத்த வாரம் சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் போனார்கள். இந்தத் தடவை ராம்குமார் போட்டுக் கொடுத்த திட்டத்தைக் கீர்த்திகா வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஏரி இருந்தது. படகுகள் நின்றன. புறப்படப் போகும் படகில் ஏறினார்கள். மேல்தளத்தில் நல்ல வெயில், குளிர்ந்த காற்று. இராமகிருஷ்ணன் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு, ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிறைந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் ஒரு வீடு. வெள்ளைச் சுவர், சரிந்த கூரை. பின்னால் ஊசிக் கோபுரத்தோடு ஒரு சின்னச் சர்ச். அதற்கும் பின்னால் பனி மூடிய மலை.

"கீர்த்தி, இது காஷ்மீரு."

"மாமா, இது லூசெர்ன்."

"நான் இருபது வருசமா அடிக்கேன். எனக்குத் தெரியாதா? இது காஷ்மீரு."

இந்த வீட்டை அவர் இருபது வருஷமாகக் காலண்டரில் அடிப்பது உண்மைதான். பம்பாயில் புகைப்பட ஸ்லைடு விற்கும் ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கிய படம் அது. உறையின் மேல் காஷ்மீர் என்று எழுதியிருந்தது. இராமகிருஷ்ணனும் காலண்டரில் படத்துக்கு அடியில் 'காஷ்மீர்' என்று போட்டார். பலசரக்குக் கடை, நகைக்கடை, பருப்பு மண்டி, எல்லோரும் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார்கள். மாவட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த காஷ்மீர் அதுதான். சர்ச் ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றியதில்லை.

படகு அந்த ஊர்த் துறையில் நின்றது. இராமகிருஷ்ணன் இறங்கிவிட்டார். கீர்த்திகா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"மாமா, எங்க போறீக? அது யார் வீடோ!"

"தெரிஞ்ச வீடுதான்" என்று சொல்லிவிட்டு அவர் மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மாள். வெள்ளை வெளேரென்ற தலை, சாம்பல் நிற ஸ்வெட்டர். வேட்டிக்கு மேலே கோட்டும் குரங்குக் குல்லாவுமாக நின்ற மனிதரைப் பார்த்தார். பிறகு கீர்த்திகாவைப் பார்த்தார். கீர்த்திகாவுக்குத் தெரிந்த ஜெர்மன், தக்காளி வாங்கப் போதுமானது. அதை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "உங்கள் வீடு இந்தியாவில் இருக்கிறது."

"இல்லை, இங்கேதான் இருக்கிறது" என்றார் அந்த அம்மாள், கோபமில்லாமல்.

இராமகிருஷ்ணன் பர்ஸைத் திறந்து ஒரு பாக்கெட் காலண்டரை எடுத்தார். ஒரு பக்கம் மாதங்கள், மறுபக்கம் வீடு. அந்த அம்மாள் உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். முன்னால் நிற்கும் மரத்தைத் தொட்டு, இது புயலில் விழுந்துவிட்டது என்றார். ஜன்னல் கதவுகளைக் காட்டி, இவை ஒருநாளும் சிவப்பாக இருந்ததில்லை, பச்சைதான் என்றார்.

"சிவப்பு நான் மாத்தினது. எடுப்பா இருக்கும்னு மாத்தினேன்னு சொல்லு" என்றார் இராமகிருஷ்ணன்.

கீர்த்திகா கையை ஆட்டி ஆட்டி அதைச் சொன்னாள். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டார். கீர்த்திகா மாமாவைப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லு."

"காஷ்மீர்" என்றாள் கீர்த்திகா.

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. தன் ஸ்வெட்டரின் கையைப் பிடித்து, "காஷ்மீர், காஷ்மீர்" என்று சொல்லிக் காட்டினார். அந்தக் கம்பளிக்கும் அங்கே அதே பெயர்தான்; நல்ல கம்பளியாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, ஆப்பிள் வைத்துச் சுட்ட கேக்கும் சர்க்கரை போடாத காப்பியும் கொடுத்தார். சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. இராமகிருஷ்ணன் எழுந்து போய்த் தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஏதோ பேங்க் கொடுத்தது. வெறும் எண்கள்.

"பேப்பர் நல்லாருக்கு. படம் இல்லையே" என்றார். இதைக் கீர்த்திகா மொழிபெயர்க்கவில்லை.

பாக்கெட் காலண்டரை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அந்த அம்மாள் அதை அலமாரிக் கண்ணாடிக்குள் சொருகி வைத்தார். அவர்கள் எழுந்து வந்தபோது படகு போய்விட்டிருந்தது. அடுத்த படகு வரும்வரை கீர்த்திகா அந்த அம்மாளோடு துறையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று இராமகிருஷ்ணனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் பாதிதான் புரிந்தது. ஆனாலும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

ஊருக்குப் புறப்படும் நாளில் விமான நிலையத்தில் அவர் ராம்குமாரைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, அவளுக்கு ஒரு ரயில் பாஸ் எடுத்துக் குடுங்க."

"எதுக்கு மாமா? எங்க போகப் போறா?"

"அதை அவகிட்டக் கேளுங்க. தெனமும் கேளுங்க."

ராம்குமார் முகம் சற்றுச் சிவந்தது. "சரி மாமா" என்றான்.

விருதுநகரில் பொன்னுத்தங்கம் வாசலிலேயே காத்திருந்தார். "எப்படி இருக்காண்ணே?"

"நான் போகையில நல்லா இல்ல. வரும்போது நல்லாருந்தா" என்று சொல்லிவிட்டு இராமகிருஷ்ணன் குளிக்கப் போனார். அவர் குளித்து வரும்வரை பொன்னுத்தங்கம் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. ஜெர்மன் வகுப்பில் மறுபடி சேர்ந்துவிட்டேன், அவுகளும் சனிக்கிழமை லீவு போட்டிருக்காக, எங்கே போவதென்று சண்டை நடக்கிறது என்றாள். அம்மா கேட்பதற்கு முன்பே இதையெல்லாம் சொன்னாள்.

ஆல்பத்துக்கு நாள் நெருங்கியது. இராமகிருஷ்ணன் ஜன்னல்களைப் பச்சையாக்கி, படத்துக்கு அடியில் 'சுவிட்சர்லாந்து' என்று போட்டார். முதல் எதிர்ப்பு விருதுநகர் பருப்பு வியாபாரி செய்யது அபுதாஹிரிடமிருந்து வந்தது. வருஷா வருஷம் அந்தப் படத்தையே வாங்குபவர்.

"அண்ணாச்சி, நம்ம காஷ்மீரை எங்க கொண்டு போனீக?"

"அது காஷ்மீர் இல்ல பாய். நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"இருக்கட்டும். ஆளுக காஷ்மீர் காலண்டர் வந்துருச்சான்னுதான கேக்காக? சுவிட்சர்லாந்துன்னு போட்டா வேற படம்னு நினைப்பாக."

"பொய்யின்னு தெரிஞ்சப்புறம் எப்படி அடிக்க?"

இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். கடைசியில் அபுதாஹிர்தான் வழி சொன்னார். ஊர்ப் பெயரே வேண்டாம், கடைப் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். அப்படியே அடித்தார்கள். காலண்டர் லோடு கடைகளுக்குப் போனது. ஒரு கட்டு ஏரிக்கரை அம்மாளுக்குத் தபாலில் போனது.

தாமதமாக வந்த அருப்புக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் ஆல்பத்தைப் புரட்டும்போது, "இது எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஊரை விடுங்க. அது ஒரு அம்மா வீடு" என்றார் இராமகிருஷ்ணன்.

கடைக்காரர் இன்னொரு தடவை படத்தைப் பார்த்துவிட்டு, ஆர்டர் சொன்னார்.