ஒரே வீட்டுக் காற்று

எனக்கு மூச்சை அடக்கத் தெரியும். பதினைந்து வினாடி என்றாள் பாமசியில் மருந்து கொடுக்கும் பெண். நான் முப்பதும் அடக்குவேன், எத்தனை ஆண்டு ஒளித்துப் புகைத்தவன். பிறகு காகிதக் குழாய்க்குள் மெதுவாக ஊதினேன். புகையை விட்டவர்களைச் சோதிக்கும் கருவியில் எண் ஏறியது, ஏறியது, பத்தொன்பதில் நின்று சிவப்பு விளக்கை எரித்தது. பக்கத்தில் என் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் சோதனை முடிவு பார்க்க வந்தவள் போல் இருந்தாள்.

2009 தை மாதம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வால்தம்ஸ்டோ. நான் சிகரெட்டை விட்டு ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், என்பது வீட்டில் பேச்சு. விட்டதற்குச் சாட்சி என் சட்டைப்பையில் இருந்தது: மின் சிகரெட். சந்தையில் அவளே வாங்கித் தந்தது. வெள்ளைத் தண்டு, இழுத்தால் நுனியில் செம்மஞ்சள் வெளிச்சம், வாயில் நெருப்பில்லாத ஆவி. காலையில் தன் போனோடு அதையும் சார்ஜிலிருந்து கழற்றி, துடைத்து, என் பையில் போட்டுவிடுவாள். நான் அதோடு வேலைக்குப் போவேன். கிடங்கின் பின்வாசலில், குளிரில், மற்றப் பையிலிருந்து மற்றதை எடுப்பேன். வீட்டில் ஆவி, வெளியில் புகை. பாதி விட்டவன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம். அந்த மாதங்களில் ஊரில் நடந்த போரின் செய்தி கேட்டு எங்கள் யாருக்கும் நித்திரையில்லை. அதையும் நான் ஒரு சாட்டாக எடுத்தேன். எழுத இப்போதும் கூசுகிறது.

"அண்ணே, உண்மையாவே சிகரெட் தொடலையா?" கேட்டாள் பாமசிப் பெண்; மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள்.

"இல்லை. இது மட்டும்தான்." மின் சிகரெட்டை மேசையில் வைத்தேன்.

"இதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. ஆனா இந்த மீட்டர் காட்டுறது கார்பன் மோனாக்சைடு. ஏதாச்சும் எரிஞ்சாத்தான் வரும். இதுல ஒண்ணும் எரியலையே."

மனைவி முந்திக்கொண்டாள். "அவர் விட்டிட்டார், பிள்ளை. நான் ஒவ்வொரு நாளும் அவற்ற சட்டையை மணந்து பாக்கிறனான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். நெஞ்சுக்கூட்டில் பறவை, நுரையீரலில் மழை என்றெல்லாம் கவிதை எழுதித் தள்ளியவன் நான். வாயில் வந்தது வேறு: "வீட்டில காஸ் பாய்லர் பழசு."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. புகைக்காதவர் உடம்பில் இவ்வளவு இருந்தால் வீட்டில் வாயு கசிகிறது, நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும் என்றாள். எங்கள் முன்னாலேயே அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். நாங்கள் வீடு வந்து சேர்ந்த அரை மணித்தியாலத்தில் காஸ் கம்பனி ஆள் ஒருவர் வந்து காஸை நிறுத்தி, அதன் மீட்டரில் எச்சரிக்கைத் தாளை ஒட்டினார். திங்கட்கிழமை பொறியாளர் வந்து பார்க்கும்வரை திறக்கக் கூடாதாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு. வெளியே உறைபனி; காஸ் இல்லாமல் வீட்டுச் சூடும் இல்லை, வெந்நீரும் இல்லை. உள்ளே ஜன்னல்களெல்லாம் திறந்தபடி; நஞ்சு போகட்டும் என்று அவள்தான் திறந்துவிட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு ரைஸ் குக்கரில் சோறு வைத்தாள், அதிலேயே பிறகு பருப்பும். கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து வாளியில் ஊற்றி எனக்குத்தான் முதலில் குளிக்கத் தந்தாள்.

"என்னப்பா, நான் கதவைச் சாத்திப்போட்டெல்லோ சமைக்கிறனான், மணம் பரவக்கூடாதெண்டு. அதாலதான் உங்கட நெஞ்சுக்குள்ள போயிருக்குமோ?"

"சும்மா இரும்."

"கோவிக்காதேங்கோ. நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு விட, நான் சமைச்சுச் சமைச்சு நஞ்சேத்தியிருக்கிறன்."

குளிரில் அவள் வாயிலிருந்து வெண்மையாக மூச்சு வந்தது. நான் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மூலைக்கடைச் சுவரோரம் நின்று இரண்டு பற்றவைத்தேன். வெறுங்கையோடு திரும்பினேன்.

"பால் எங்க?"

"முடிஞ்சுதாம்."

திங்கட்கிழமை பொறியாளர் பாய்லர், அடுப்பு, புகைபோக்கி எல்லாம் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று காஸைத் திறந்துவிட்டார். வீட்டில் யாராவது புகைப்பதுண்டா என்றும் கேட்டார். "நோ, நோ, ஹீ ஸ்டாப்ட்," என்றாள் அவள், எனக்காக வழக்காடும் குரலில். அவர் என்னைப் பார்த்தார். நான் பாய்லரைப் பார்த்தேன்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. "அப்ப ஏன் உங்களுக்கு அப்பிடிக் காட்டினது? வாங்கோ, நானும் ஊதிப் பாக்கிறன். அடுப்படியில நிக்கிறது நான்தானே, எனக்கு இன்னும் கூடவா இருக்கும்."

தடுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பாமசியில் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கு மூச்சடக்க வரவில்லை. இரண்டு தரம் சிரித்துவிட்டாள். "அக்கா, சிரிக்காம ஊதுங்க," என்றாள் அந்தப் பெண். மூன்றாம் தரம் ஊதினாள். ஒன்று. பச்சை விளக்கு.

பிறகு நான். இருபத்தொன்று.

ஒரே வீடு. ஒரே சோறு. மூன்று நாள் காஸே இல்லை. எண் அழிந்த பிறகும் மனைவி கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்களைக் குப்பையில் போடும் சாட்டில் அந்தப் பெண் திரும்பி நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ரெண்டையும் சேர்த்து இழுத்தா இது குறையாது அண்ணே. நிறையப் பேர் இப்படித்தான். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் இருந்தாள்.

"நான்..." என்று தொடங்கினேன்.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"ஆறு. சில நாள் எட்டு."

நிறுத்தங்கள் கடந்தன. "மூண்டு நாளா அந்த அடுப்பைத் திட்டினனான்," என்றாள்.

மறுநாள் காலை மின் சிகரெட் சார்ஜில் இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், இரவு நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், மிக மெதுவாக, வீணாகச் சந்தேகப்பட்ட ஓர் ஆளிடம் மன்னிப்புக் கேட்பவள் போல.