அன்ரன் அண்ணையின் அறைக்குச் சத்தமில்லாத பான்

அன்ரன் அண்ணைக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பது இலேசான காரியமல்ல. பின்னேரமானால் ஊர்காவற்றுறையில் காகம்கூட அடங்கிவிடும். இவர் மட்டும் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருப்பார். நெடுந்தீவுக்கு ஓடும் லோஞ்சுப் படகில் முப்பது வருடம் இயந்திரம் பார்த்த மனிதர். ஓய்வு பெற்ற கையோடு, பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டினார். ஜன்னல் கிடையாது. கதவு விளிம்பெல்லாம் ரப்பர், சுவரெல்லாம் தும்பு மெத்தை. கடற்காற்றின் இரைச்சலோ தெருவில் போகும் மோட்டார் சைக்கிளோ உள்ளே வராது. இரண்டு பெரிய ஸ்பீக்கர், மூன்று கதிரை. மூன்றாவது கதிரை எனக்கு என்று சொன்னபடியால், ஆணி அடித்த குற்றத்தை நான் மன்னித்துவிட்டேன்.

விசர் வேலை என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தவன்தான், காரணம் தெரியும் வரைக்கும். இயந்திரத்தோடு கிடந்து கிடந்து அவருடைய வலது காது போய்விட்டது. இடது காதும் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். காதில் மாட்டக் கொடுத்த கருவி பேச்சுக்கு உதவுகிறது, பாட்டைத் தகரமாக்கிவிடுகிறது. ஆகவே அது அலுமாரி லாச்சிக்குள் நித்திரை.

"இருக்கிற காதாலை கேக்க வேண்டியதைக் கேட்டு முடிச்சுப்போட வேணும், மாஸ்டர்," என்றார் ஒருநாள் வாத்தியாரான என்னிடம். "இவவையும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு."

'இவ' என்றது மனைவி ஞானசவுந்தரி அக்காவை. விடியமுன் வெளிக்கிட்டு இருட்டில் வீடு வந்த மனிதருக்கு, மனைவியோடு ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்க இத்தனை வருடத்தில் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு அதைக் கேட்கப் பாவமாக இருந்தது.

ஆனால் அக்காவுக்குத் தொய்வு. மூடிய அறையில் பத்து நிமிடம் இருந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். முதல் நாளே கச்சேரி பாதியில் நிற்க, இன்ஹேலரும் கையுமாக வெளியே ஓடினார்.

"உள்ளுக்கை காத்து வந்தால் நானும் வருவன். இல்லாட்டி நீங்களும் உங்கடை ஸ்பீக்கரும் சந்தோசமா இருங்கோ."

அப்படித்தான் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி, எக்ஸோஸ்ற் பான் ஒன்று தேவைப்பட்டது. அதுவும் சத்தமே போடாத பான். சுற்றிவர ஏதாவது இரைந்தால் அண்ணையின் மிச்சக் காதுக்கு மெல்லிய சுரம் ஒன்றும் அகப்படாது.

யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினோம். கடைக்கார ஜதுர்சன் நல்ல பொறுமைசாலி. ஏழு பான்களை ஒவ்வொன்றாக ஓட விட்டான். வாசலில் பஸ்கள் ஹோர்ன் அடித்தன, லொத்தர்ச் சீட்டு விற்பவன் ஒலிபெருக்கியில் கத்தினான், பக்கத்தில் யாரோ இரும்பு வெட்டினார்கள். அண்ணை இடது காதைக் கொடுத்துக் கேட்டார்.

"மாஸ்டர், இது மூச்சுக்கூட விடேல்லை!"

நானும் கேட்டுவிட்டு ஓம் என்று சாட்சி சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் பூட்டி மின் ஆளியைப் போட்டோம். உழவு மெஷின் ஒன்று அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. அக்கா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு அமைதியான ஊரிலை இருந்து அவ்வளவு சத்தத்துக்குள்ளை போய்ச் சத்தமில்லாத சாமான் வாங்கிக்கொண்டு வந்திருக்கினம். அதிலை ஒராள் வாத்தியார் வேறை!"

அடுத்த கிழமை அக்காவே எங்களோடு யாழ்ப்பாணம் வந்தார். கடைக்குள் நுழைந்ததும் ஜதுர்சனைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, அங்கே ஒவ்வொரு பானாக ஓடவிட்டுக் கேட்டார். கடைசியில் பெரிய பான் ஒன்றைத் தெரிந்தெடுத்தார்.

"சின்னன் பறந்து பறந்து வேலை செய்யும் அன்ரி. பெரிசு ஆறுதலாச் சுத்தும், சத்தம் குறைவு," என்றான் ஜதுர்சன், முகம் சுளிக்காமல் பழையதை மாற்றிக் கொடுத்துக்கொண்டே. அந்தப் பெரிசு ஊர்காவற்றுறை வரைக்கும் என் மடியில்தான் வந்தது. என் முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

பூட்டுகிற வேலையில் அண்ணையை யாரும் அசைக்க ஏலாது. இயந்திரத்துக்கு அடியில் வைப்பதைப்போல டயர் ரியூப் துண்டுகளைப் பானுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து இறுக்கினார். புதுக் காற்று உள்ளே வரக் கதவின் கீழே ஒரு வழி வெட்டினார். சனிக்கிழமை பின்னேரம் மூவரும் கதிரைகளில் இருந்தோம். அண்ணை ஆளியைப் போட்டார். தலையைச் சரித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இஞ்சை பாரும்! ஒரு சத்தமும் இல்லை!"

இருந்தது. நுளம்பு பாடுவதுபோல மெல்லிய கீச்சுச் சத்தம். பிழை கண்டால் திருத்தாமல் இருக்க முடியாத வாத்தியார் வாய் திறந்தது. அக்கா என் காலை மிதித்தார்.

"ஓம், ஒண்டும் கேக்கேல்லை," என்றார்.

நானும் தலையாட்டினேன்.

வயலின் கச்சேரி தொடங்கியது. இருபது நிமிடம் போயும் அக்காவுக்கு மூச்சு இழுக்கவில்லை. அண்ணை அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார். பிறகு வயலின் மேலே மேலே ஏறி, நூல்போல மெலிந்து அங்கேயே நின்று வாசித்தது. அண்ணை எழுந்துபோய்ப் பாட்டுச் செற்றை நிற்பாட்டக் கை நீட்டினார்.

"முடியேல்லை," என்று அக்கா கையைப் பிடித்தார். "இன்னும் வாசிக்குது."

 அண்ணை சுவரடிக்குப் போய், ஓடும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதைப்போல, பானின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். கனநேரம் வைத்திருந்தார்.

"இதுவும் கத்துது, என்ன?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "ஓம். மெல்லிசா."

கழற்றி எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வந்து கதிரையில் இருந்தார்.

"கழட்டத் தேவையில்லை. அது ஓடினால்தானே நீர் இதுக்கை இருப்பீர்? எனக்கு அது கேக்காது." இடது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, "வயலின் கீழை வரேக்கை சொல்லும்," என்றார்.

அக்கா அவருடைய கையை விடவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்லை... இன்னும் இல்லை... இந்தா, வருது."

"ஓம்," என்றார் அன்ரன் அண்ணை. "வந்திட்டுது."