படுக்கையறையில் தவழ்ந்த தச்சர்

மன்னாரில் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் அந்தத் தச்சருக்கு அறுபது வயதிருக்கும். பெரிய வயிறு, வெள்ளைத் தாடி, தலையில் தொப்பி. ஊரில் எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பலகையைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, கண்ணை மூடிக் கேட்பார்.

எங்கள் சின்னப் படுக்கையறைக்குப் அடித்தொனிக்கென்று பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் பெட்டி செய்து தரும்படி கேட்டேன்.

"தம்பி, அந்த அறைக்கு எட்டு இஞ்ச் காணும். பெரிசு போட்டா இரைச்சல்தான் மிஞ்சும்" என்றார். அரைமனதோடு சம்மதித்தேன்.

பெட்டி முடிந்ததும் அவரே கொண்டுவந்தார். அதைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துப் பாட்டைப் போடச் சொன்னார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, சுவரோரமாகத் தவழத் தொடங்கினார். இந்தப் பெட்டியே வேண்டாமென்று சண்டை பிடித்த என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன தேடுறீங்கள், நானா?" என்று கேட்டாள்.

"பெட்டி இப்ப நீங்கள் படுக்கிற இடத்தில இருக்குது. எனக்கு எங்க நல்லாக் கேக்குதோ, அங்க அதை மாத்தி வைச்சா உங்களுக்கு நல்லாக் கேக்கும். நீங்களும் வந்து பாருங்கோ, தங்கச்சி."

அவளும் தவழ்ந்தாள். பின்னால் நானும். அலுமாரிக்குப் பக்கத்தில் பாட்டின் அடித்தொனி அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"இங்கதான்!" என்று முதலில் கத்தியவள் அவள்தான்.

இப்போதெல்லாம் பாட்டைப் போடுபவளும் அவளே. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் முழங்காலிட்டுத் தவழ அவருக்கு எப்படி மனம் வந்ததென்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.