மரை போன போல்ட்

என் கணவர் இறந்த பிறகு அவருடைய கார் எங்கள் இரும்புலியூர் குடியிருப்பின் கீழ்த்தளத்திலேயே நின்றது. மாமியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால் ஒருநாள் கிளப்பிப் பார்த்தேன். கிளம்பியது. ஆனால் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது.

தெருமுனை மெக்கானிக் வந்து படுத்துப் பார்த்தார். ஆயிலை வடிக்கிற போல்ட்டில்தான் கசிவு. ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். அது பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மரை சுத்தமா போயிடுச்சு மேடம். அடியில ஆயில் நிக்கிற சம்ப்பையே மாத்தணும். பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்கிறது கஷ்டம். பேசாம வித்துடுங்க."

போல்ட்டில் டேப் சுற்றி ஒப்புக்குச் சொருகிவிட்டு, ஓட்ட வேண்டாம் என்று சொல்லிப் போனார்.

விற்கச் சொல்லி என் அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பள்ளியில் என்னோடு வேலைபார்க்கும் ஆசிரியைகளும் சொன்னார்கள். அன்று எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மாமியாரிடம் சொன்னேன். அவர் உடனே மகளுக்கு போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

மகள், அதாவது என் நாத்தனார், மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறாள். அண்ணன்மேல் அவளுக்கு உயிர். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபோதுகூட அவள் கண் கலங்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடுவது, தண்ணீர் கொடுப்பது, போதகரை வழியனுப்புவது என்று ஓடிக்கொண்டே இருந்தாள். சிலர் அதை ஒரு மாதிரி பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது.

போனில் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, "விக்காதீங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை வரேன்," என்றாள்.

ஆராதனை முடிந்து நேராக வந்தாள். சுடிதாருக்கு மேல் ஆலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்துவிட்டு அடியில் போனாள். போல்ட் கையோடு வந்துவிட்டது. பழைய எண்ணெய் கறுப்பாகத் தட்டில் இறங்கியது.

"இது அண்ணன் ஊத்தின ஆயில்," என்றாள் அடியிலிருந்து.

அவர் எப்போதும் ஆயிலைத் தானேதான் மாற்றுவார். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் நின்றுபோகும்வரை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்று பிறகு கேட்டேன்.

"ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, புதுசா மரை வெட்டணும் அண்ணி. அதுல குழாய்த்துண்டு மாதிரி இருக்கிற இந்தச் சின்ன எஃகு புஷ்ஷைத் திருகிட்டா, இதுக்குள்ள இருக்கிற மரையில போல்ட் பிடிச்சுக்கும்."

மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவினாள். துகள்கள் உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளுமாம். கொஞ்சம் திருகுவாள், பின்னால் திருப்புவாள், வெளியே எடுத்துத் துடைக்க என்னிடம் நீட்டுவாள். பசை தடவி புஷ்ஷை இறக்கினாள். அது காயட்டும் என்று மேலே போய்ச் சாப்பிட்டோம். மாமியார் மகளின் தட்டில் மீன் வைத்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி கீழே வந்து, கொஞ்சம் புது ஆயிலை ஊற்றி, மிச்சமிருந்த துகளோடு வடியவிட்டாள். பிறகு அடியில் போய்ப் புது போல்ட்டை முடுக்கினாள்.

"பிடிச்சிருச்சு அண்ணி."

ஆனால் அவள் வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. அவை குலுங்குவதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்று புரிந்தது.

"அழும்மா," என்றேன். அதன் பிறகுதான் சத்தம் வந்தது. பைக்கை எடுக்க வந்த மேல்வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, எடுக்காமலே திரும்பிப் போனார்.

வெளியே வந்தபோது அவள் முகமெல்லாம் கிரீஸ்.

"அடக்கத்தன்னிக்கு நான் ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா எழுந்தே இருக்க மாட்டேன் அண்ணி."

முந்தானையால் துடைத்துவிட்டேன். கிரீஸ் போகவில்லை, இன்னும் பரவியது.

ஆயிலை ஊற்றி இஞ்சினை ஓடவிட்டோம். அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் அவளை மறைமலை நகரில் விட நானே ஓட்டினேன். அவர் போன பிறகு ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டலூர் தாண்டும்வரை நாத்தனார் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.