ஐந்தருவித் தண்ணீர் குடித்த வேன்

கையெழுத்தும் எழுத்துப்பிழையும் கண்ணைக் குத்தினால் மன்னியுங்கள். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை.

குற்றால சீசனில் ஓர் அண்ணாச்சியின் சுற்றுலா வேன் வெள்ளைப் புகை கக்கியபடி மேலகரத்தில் என் பட்டறைக்கு வந்தது. விடிந்தால் சவாரி. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. புகையைக் குளிரவைக்கும் ஈஜிஆர் கூலரைக் கழற்றினேன். உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்து, தண்ணீர் புகையோடு போயிருந்தது.

“துருப்பிடிக்காம இருக்க கூலண்ட் ஊத்தலியா அண்ணாச்சி?”

“அது எதுக்குலே? ஐந்தருவித் தண்ணிதான் ஊத்துதேன். மூலிகைத் தண்ணி, மனுசனுக்கே நோய் தீருது!”

கூலரைக் கவிழ்த்தேன். கறுப்பாகச் சேறு கொட்டியது.

“கசாயம். குடிக்கியளா?”

புதுக் கூலர் மாட்டி, கூலண்ட் ஊற்றியதும் புகை நின்றது. அண்ணாச்சி மெல்ல ஓர் ஐந்தருவித் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

“சாஸ்திரத்துக்கு ஒரு மூடி ஊத்துதேன்லே.”

பிடுங்கி, கண்ணாடி கழுவும் டாங்கில் ஊற்றினேன். சவாரிக்குப் போனார்.

எழுதியது, ஆடி அமாவாசை.